மாத்திட்டா சரியாயிடுமா?

ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டு பாத்ரூம் ஹீட்டர் உயிரை விடுகிறது. மெக்கானிக் வருகிறார். மூடியைக் கழற்றாமலே தீர்ப்பு சொல்கிறார். “எட்டு வருஷம் ஆயிடுச்சு சார். இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க. புதுசா மாத்திருங்க.”

நீங்களும் மாற்றுகிறீர்கள். புதுசு வருகிறது. பளபளவென்று இருக்கிறது. நெற்றியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கம்பெனி ஆள் வந்து இருபது நிமிடத்தில் மாட்டி, வாரன்டி கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

கதை மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது. ஹீட்டர் சுவிட்சைப் போட்டால் வீடு முழுக்க கரண்ட் போகிறது. அல்லது, ஹீட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அல்லது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வெதுவெதுப்புக்கு மேல் சூடு ஏறவில்லை.

இந்த மூன்று புகாருக்கும் நம் ஊரில் மூன்று ரெடிமேட் வைத்தியங்கள் உண்டு. ட்ரிப் ஆகிறதா? ட்ரிப் ஆகிற கருவியைக் கழற்று. சொட்டுகிறதா? அடைத்துவிடு. சூடு போதவில்லையா? கேஸ் கீஸர் வாங்கு. மூன்றுமே ஆளைக் கொல்லக்கூடிய வைத்தியங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு பீடிகை.

முதல் புகாரை எடுத்துக்கொள்வோம். மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில் ‘டெஸ்ட்’ என்று எழுதிய ஒரு சின்ன பட்டனோடு ஒரு கருவி இருக்கும். ஆர்.சி.சி.பி. என்பார்கள். பழைய ஆட்களுக்கு இ.எல்.சி.பி. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. வீட்டுக்குள் போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா? வீட்டுக்கு மாட்டுகிற கருவியில் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், விநாடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். ஏன் 30? அதற்கு மேல் போனால், அதுவும் கொஞ்ச நேரம் நீடித்தால், மனித இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிடலாம் என்பதால். குளிக்கும்போது உடம்பு ஈரம். வெறுங்கால். தரையும் ஈரம். கரண்ட்டுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது.

புது ஹீட்டர் மாட்டிய மறுநாள் இந்தக் கருவி ட்ரிப் ஆனால், நம் எலெக்ட்ரீஷியன் சொல்லும் வசனம் ஊருக்கே மனப்பாடம். “இது ரொம்ப சென்சிடிவ் சார். அடிக்கடி விழும். பைபாஸ் பண்ணிடறேன்.” நாமும் நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்புகிறோம். ராத்திரியெல்லாம் குரைக்கிறது என்று காவல் நாய்க்கு விஷம் வைத்த கதை!

“பழைய ஹீட்டர் இருந்தப்போ ஒரு நாளும் விழலையே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில்தான் பயங்கரமானது. பழைய ஹீட்டருக்கு எர்த் இணைப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். அதில் கசிந்த கரண்ட் போக வழி இல்லாமல், யாராவது தொடுவதற்காக அங்கேயே காத்திருந்திருக்கும். அவ்வப்போது குழாயைத் தொட்டால் ‘சுருக்’ என்றதே, நினைவிருக்கிறதா? புது ஹீட்டரை முறையாக எர்த்தோடு இணைத்ததும், கசிவுக்கு வழி கிடைத்துவிட்டது. கருவி அதைப் பார்த்துவிட்டது. அது தன் வேலையைச் செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் வயரிங் செய்தவர் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார். எர்த் குழி தோண்டுகிற செலவு மிச்சம். வீட்டுக்குள் அப்படிச் சேர்த்துவிட்டால், என்றைக்காவது வரும் நியூட்ரல் அறுந்துபோகும்போது, ஹீட்டரின் உடம்பே 230 வோல்ட்டில் நிற்கும். ஹீட்டரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. உலகத்திலேயே விலை உயர்ந்த ஹீட்டரை வாங்கினாலும் முடியாது.

இந்தக் கோளாறைத் துப்பறிய பெரிய படிப்பு வேண்டாம். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் ட்ரிப் ஆகிறதா? கோளாறு வீட்டில். ஆகவில்லையா? நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சாதனத்தை, இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதே பாயின்ட்டில் கைகால் ஈரமில்லாமல் மாட்டிப் பாருங்கள். விழுந்தால் அந்த லைனில் கோளாறு. விழவில்லை என்றால்தான் புது ஹீட்டர் மீது சந்தேகம். ஐந்து நிமிட வேலை. இதற்கு மேல் வயரைத் தொட வேண்டியது உரிமம் பெற்ற ஆள்தான், நீங்களோ நானோ அல்ல. ஆனால், இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பைபாஸ் பண்ண ஒரு நிமிடம் போதுமே!

இரண்டாவது, சொட்டும் தண்ணீர்.

தண்ணீரைச் சூடாக்கினால் அது விரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 15 லிட்டர் டேங்கில் 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 200 மில்லி கூடுதலாகும். ஒரு டம்ளர். மூடிய டேங்கில் அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? அதற்குத்தான் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பதும், அழுத்தம் எல்லை மீறினால் வெளியே விடுவதும் அதன் வேலை. சூடாகும்போது சில சொட்டுகள் விழுந்தால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

பழைய ஹீட்டரில் இந்த வால்வு இல்லாமல் இருந்திருக்கலாம். கூடுதல் தண்ணீர் பேசாமல் மாடித் தொட்டிக்கே ஏறிப் போயிருக்கும். அதனால் சொட்டியது இல்லை. புதுசில் வால்வு இருக்கிறது, சொட்டுகிறது. உடனே, “புது ஹீட்டர் லீக்!” பிளம்பர் வருகிறார். “ஒரு டம்மி போட்டுட்டா நின்னுடும் மேடம்.” போடுகிறார். நின்றுவிடுகிறது. நின்றது தண்ணீர் மட்டும்தான். அழுத்தம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு ஹீட்டருக்கு மூன்று காவல்காரர்கள். சூடு போதும் என்று நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது தூங்கிவிட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் கட்-அவுட். அதுவும் கைவிட்டால் அழுத்தத்தை வெளியே விடும் வால்வு. டம்மி போட்டவர் மூன்றாவது காவல்காரரைக் கட்டிப்போட்டுவிட்டார். மற்ற இருவரும் ஒரே நாளில் லீவு போட்டால் என்ன ஆகும்? டேங்க் கிழியும்போது, கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியிருந்த தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகிறது. நீராவிக்குத் தண்ணீரைவிட சுமார் 1,600 மடங்கு இடம் வேண்டும். பாத்ரூமில் அவ்வளவு இடம் இல்லை.

நாள் பூராவும், ஹீட்டர் ஓடாதபோதும் சொட்டினால் அது வேறு நோய். குழாயில் வரும் அழுத்தமே அதிகம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடித் தொட்டியிலிருந்து 3 பாருக்குக் குறையாமல் வரும். அதோடு ஷவர் பீறிட வேண்டும் என்று நாம் பிரஷர் பம்ப் வேறு போட்டிருப்போம். இதற்கு மருந்து, லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. அதுவும் பிளம்பருக்குத் தெரிந்த சமாசாரம்தான். ஆனால் நாம் அவரிடம் கேட்பது, “சொட்டக் கூடாது, அவ்வளவுதான்!” அவரும் அவ்வளவுதான் செய்கிறார்.

மூன்றாவது புகார், சூடு போதவில்லை. இங்கேதான் நம்மை நன்றாக ஏமாற்றுகிறார்கள்.

15 லிட்டர் டேங்க் ஹீட்டருக்கு பதிலாக, இடத்தை அடைக்காது, காத்திருக்க வேண்டாம் என்று கடைக்காரர் 3 லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ ஹீட்டரைத் தலையில் கட்டியிருப்பார். அதன் சக்தி 3 கிலோவாட். கேட்க பெரிதாக இருக்கிறது அல்லவா? கணக்குப் போடுங்கள். மார்கழிக் காலையில் 25 டிகிரி தண்ணீரை 40 டிகிரியில் தொடர்ந்து தர வேண்டுமானால், 3 கிலோவாட்டால் நிமிடத்துக்கு 3 லிட்டர்கூடத் தர முடியாது. உங்கள் ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டினால், அந்தத் தண்ணீர் ஏறுவது 5 டிகிரி சொச்சம். 25 டிகிரி தண்ணீர் 30 டிகிரி ஆகும். இதற்குப் பெயர் வெந்நீரா?

15 லிட்டர் டேங்க் 2 கிலோவாட்டில் 60 டிகிரிக்கு வர சுமார் 20 நிமிடம் ஆகும். கரண்ட் செலவு ஒரு யூனிட்டில் முக்கால் பங்குகூட இல்லை. அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். கிட்டத்தட்ட ரெண்டு பக்கெட். சமையலறை சிங்க்குக்கு உகந்த சாதனத்தை ஷவருக்கு விற்றுவிட்டு, “கரண்ட் வோல்டேஜ் கம்மி சார்” என்று மின்வாரியத்தின் மீது பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

சரியான அளவு வாங்கியும் சூடு வரவில்லையா? வேறு குற்றவாளிகள் உண்டு. ஹீட்டரில் நீலக் குறி உள்ள வாய் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வெளியே வர. உள்ளே வரும் பச்சைத் தண்ணீர் அடியில் தங்கும். மேலே மிதக்கும் வெந்நீர் வெளியே வரும். அவசரத்தில் இரண்டையும் மாற்றி மாட்டினால், கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் கலந்து வெதுவெதுப்பாகிவிடும். இன்னொன்று, மிக்ஸர் குழாய். அதன் உள் வால்வு தேய்ந்திருந்தால் பச்சைத் தண்ணீர் குறுக்கே புகுந்து வெந்நீர் லைனில் கலந்துவிடும். பிறகு நம் போர் தண்ணீர். அதைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து எலிமென்ட்டில் ஓடாகப் படியும். கெட்டிலின் அடியில் பார்க்கிறீர்களே, அதேதான். உப்பு படியப் படிய எலிமென்ட் தனக்குள்ளேயே வெந்து சாகும். எட்டு வருடத்தில் பழசு செத்தது இதனாலேயே இருக்கலாம். எனாமல் பூசிய டேங்க் என்றால், தான் அரிக்கப்பட்டு டேங்க்கைக் காப்பாற்ற ஒரு மெக்னீசியம் கம்பி உள்ளே இருக்கும். அது கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு ஹீட்டரில் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? அப்படி ஒன்று இருப்பதாக உங்களிடம் யாராவது சொன்னார்களா?

யாரும் சொல்ல மாட்டார்கள். புது ஹீட்டர் விற்றால் கடைக்கு லாபம் உண்டு. கம்பி மாற்றினால் யாருக்கு லாபம், உங்களைத் தவிர?

சூடு போதாமல் சலித்துப்போனவரிடம்தான் நாலாவது வைத்தியர் வந்து சேர்கிறார். “கேஸ் கீஸர் போடுங்க. போட்டவுடனே கொதிக்கும். கரண்ட் பில்லும் மிச்சம்.” உண்மைதான், கொதிக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கேஸ் கீஸர் எரியும்போது, சமையலறை அடுப்பின் பெரிய பர்னர்கள் நாலைந்தை ஒரே நேரத்தில் முழுசாக எரியவிட்ட மாதிரி. அதை ஜன்னல் சாத்திய ஐந்தடிக்கு ஏழடி பாத்ரூமுக்குள் மாட்டினால், அறையிலிருக்கும் ஆக்சிஜன் குறையும். குறைந்ததும் கேஸ் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது. வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலாகப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், கதவைத் திறக்கக் கை எழாது. பெங்களூரிலும் மும்பையிலும் டெல்லியிலும் இப்படிச் செத்தவர்களைப் பற்றி குளிர்காலம்தோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். படித்துவிட்டு, ‘ஐயோ பாவம், மூச்சு முட்டிடுச்சாம்’ என்று பக்கத்தைத் திருப்புகிறோம். கேஸ் கீஸர் இருக்க வேண்டிய இடம் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டத்தில். புகை போகக் குழாயும் வேண்டும். அப்படி வைக்க இடமில்லாத வீட்டுக்கு கேஸ் கீஸர் வேண்டாம். அவ்வளவுதான்.

‘வெளிநாட்டுல எல்லாம் இந்தத் தொல்லை இல்லை சார்’ என்பார்கள். தவறு. பிள்ளையோ பெண்ணோ லண்டனில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். அங்கே பல வீடுகளில் கேஸ் பாய்லர் ஒன்றுதான் குளியல் வெந்நீருக்கும், அறை அறையாக இருக்கும் ரேடியேட்டர்களுக்கும். பாய்லரை மாற்றிய பிறகும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்ற புலம்பல் அங்கேயும் உண்டு. மேல்பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அடிப்பாதி குளிர்ந்திருந்தால் வருடக்கணக்கில் சேர்ந்த கறுப்பு இரும்புச் சேறு. அதைக் கழுவாமல் புது பாய்லரை இணைத்தால், பழைய சேறு புது பாய்லருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பாய்லர் புதுசு, குழாய் பழசு. நம் வீட்டுக் கதையேதான்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது தெரியுமா? அங்கே பதிவு பெறாத ஆள் பாய்லரின் கேஸ் இணைப்பில் கை வைப்பது சட்டப்படி குற்றம். 2009 ஏப்ரல் முதல் ‘கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்’ என்ற பதிவேடு இருக்கிறது. வீட்டுக்காரர் தன் அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது வந்தவருக்குத் தெரியும். பாய்லரை மாட்டியவர் குழாயைக் கழுவினாரா, அழுத்தம் எவ்வளவு என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நாளைக்குக் கோளாறு வந்தால் அந்தத் தாள் பேசும். நம் ஊரில் யார் பேசுவது? வாரன்டி கார்டில் நம் கையெழுத்து இருக்கிறது. அவருடைய அளவுகள் எங்கே?

உடனே எலெக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். இத்தனை வீடு முடித்தால் இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரிடம், இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால் நஷ்டம் என்கிற ஏற்பாட்டை வைத்திருப்பது கம்பெனி. கையில் ஒரு டெஸ்டரும் ஸ்பேனரும் மட்டும் கொடுத்து அனுப்புவதும் கம்பெனி. கிரானைட் லாபிக்கு செலவழித்துவிட்டு, எர்த் குழியில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர் பில்டர். தமிழக அரசு மின் கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு என்று ஒன்று நடத்துகிறது, சான்றிதழ் கொடுக்கிறது. வீட்டுக்கு வருகிறவரிடம் அது இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நூறு ரூபாய் குறைத்துக் கேட்க மட்டும் வாய் வருகிறது.

அடுத்த முறை ஹீட்டர் மாற்றும்போது, மாட்டியவரைக் கிளம்ப விடாமல் ஐந்தே ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்த பாயின்ட்டுக்கு எர்த் வருகிறதா? மீட்டர் வைத்துக் காட்டுங்கள். டெஸ்டர் எரிவதெல்லாம் சாட்சி ஆகாது.

இரண்டு: வயர் தாங்குமா? 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் முதலில் உருகுவது சுவிட்ச்.

மூன்று: ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா?

நான்கு: அழுத்த வால்வு திறந்திருக்கிறதா? அதன் வாயிலிருந்து ஒரு டியூப் தரைக்கு வருகிறதா?

ஐந்து: ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி? பக்கெட்டும் தெர்மாமீட்டரும் போதும்.

பதில்களை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். “இதெல்லாம் எங்க கம்பெனியில கிடையாது சார்” என்பார். கிடையாது என்பதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதோடு கஸ்டமர் கேருக்கு ஒரு கடிதம். நூறு பேர் கேட்டால் திமிர் என்பார்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் ஐந்து கட்டம் போட்ட தாளை அவர்களே அச்சடித்து அனுப்புவார்கள். அச்சுக் கூலி ஐம்பது பைசாகூட ஆகாது. அடுக்குமாடிச் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு முறை எர்த் குழியைச் சோதித்து, அந்த அளவை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். பொங்கல் கோலப் போட்டி அறிவிப்புக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் இருக்கும்.

ட்ரிப் ஆவது, சொட்டுவது, சூடு குறைவது எல்லாம் வீடு நம்மிடம் பேசும் பாஷை. அதன் வாயை அடைத்துவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போகிறோம். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் கடைசியாக அழுத்தியது எப்போது? படித்து முடித்ததும் எழுந்து போய் அழுத்திப் பாருங்கள். விழுந்தால் சந்தோஷம். விழவில்லை என்றால், நாளைக் காலைக் குளியலுக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.